ஹால் விளக்கு யார் கையில்?

கோவிலம்பாக்கத்தில், பல்லாவரம்–துரைப்பாக்கம் 200 அடிச் சாலையை ஒட்டியும் மேடவாக்கம் பிரதான சாலையை ஒட்டியும் எழுந்திருக்கும் அடுக்ககங்களுக்குள் நுழைந்தால் ஒரே வரைபடத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். கதவைத் திறந்ததும் ஹால். ஒரு சுவரில் டிவி, எதிரே சோபா. ஹாலின் மறுமுனையில் சாப்பாட்டு மேசை. அதையடுத்துச் சமையலறை; புதிய வீடுகள் பலவற்றில் அதற்குக் கதவு கிடையாது. வயலும் ஏரியுமாக இருந்த ஊர் இது. இன்றும் புனித தோமையார் மலை ஊராட்சி ஒன்றியத்தின் கீழ் வருகிறது. பழைய மகாபலிபுரம் சாலையின் மென்பொருள் நிறுவனங்களுக்குப் போய்வரும் குடும்பங்களால் நகரமாகிவிட்டது. மெட்ரோ ரயிலுக்கான தூண்களும் வந்துவிட்டன.

இப்படிப்பட்ட வீடுகளில் இப்போது ஒரு புது வசதி பரவிவருகிறது. செல்பேசியில் ஒரு செயலி. அதில் ஒரு விதி. 'மாலை ஏழு மணிக்கு மேல் டிவி ஓடத் தொடங்கினால், ஹால் விளக்குகளை 20 சதவீதமாகக் குறை. டிவி நின்றால் பழையபடி ஏற்று.' டிவி ஓடுவதை ஸ்மார்ட் பிளக் மின்னோட்டத்தை வைத்துக் கண்டுபிடிக்கிறது, அல்லது டிவியே வைஃபை வழியாகத் தெரிவிக்கிறது. பல்புக்குள் இருக்கும் சிறிய மின்சுற்று எல்இடியை நொடிக்குப் பல நூறு முறை அணைத்து ஏற்றுகிறது. அணைந்திருக்கும் நேரம் கூடக்கூட நம் கண்ணுக்கு வெளிச்சம் மங்குகிறது. திரையில் ட்யூப்லைட்டின் பிரதிபலிப்பு விழாது, படம் எடுப்பாகத் தெரியும்.

வசதிதான். ஆனால் விதியை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். டிவி இருக்கிறது, மணி இருக்கிறது, விளக்கு இருக்கிறது. அந்த நேரத்தில் ஹாலில் யார் இருக்கிறார், என்ன செய்துகொண்டிருக்கிறார் என்பது அதில் இல்லை. சோபாவில் சாய்ந்து, கையில் எந்த வேலையும் இல்லாமல், திரையை மட்டும் பார்ப்பவர் ஒருவர் இருக்கிறார் என்று அது முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறது. அந்த ஒருவர் யார் என்று கேட்டால், நம் வீட்டு வெளிச்சத்தின் வரலாற்றுக்குள் கொஞ்சம் போக வேண்டியிருக்கிறது.

விளக்கு வைக்கிற நேரம்

தமிழில் அந்திப்பொழுதுக்கு 'விளக்கு வைக்கிற நேரம்' என்று ஒரு பெயர் உண்டு. வைப்பவர் யார் என்று அந்தச் சொல் சொல்வதில்லை. எல்லோருக்கும் தெரியும் என்பதால் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மகனுக்குப் பெண் தேடும்போது 'வீட்டுக்கு விளக்கேற்ற ஒருத்தி வரணும்' என்பார்கள். அப்படி வந்தவள் கணவனை இழந்துவிட்டால், மங்கல நிகழ்ச்சியில் குத்துவிளக்கை ஏற்ற அவளைக் கூப்பிட மாட்டார்கள். விளக்கேற்றுவது அவளுக்குத் தரப்பட்ட பெருமை என்று பேசப்பட்டது. அந்தப் பெருமை அவள் கணவனின் உயிரோடு கட்டப்பட்டிருந்தது.

பெருமைக்குப் பின்னால் நிறைய வேலை இருந்தது. ரேஷன் கடையில் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நிற்பது, சிம்னியில் படிந்த கரியைச் சாம்பலும் துணியும் கொண்டு துடைப்பது, திரியைக் கத்தரித்துச் சீராக்குவது, மாதக் கடைசிவரை எண்ணெயை இழுத்துப் பிடிப்பது. இவ்வளவும் செய்து ஏற்றிய விளக்கு படிக்கிற பிள்ளையின் முன்னாலோ, சாப்பிடுகிற ஆண்களின் முன்னாலோ வைக்கப்பட்டது. அவள் சமைத்தது பெரும்பாலும் அடுப்பு நெருப்பின் வெளிச்சத்தில்தான்.

சென்னை மாநில மின்சார வாரியம் 1957 ஜூலை 1 அன்று தொடங்கப்பட்டது. அதன் பிறகான ஆண்டுகளில் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்கு மின்சாரம் வேகமாகப் போனது. அதை முன்னே இழுத்துச் சென்றவை பம்புசெட்டுகள். வயலுக்குப் போன கம்பி ஊருக்குள்ளும் வந்தது. ஊரின் எல்லா வீட்டுக்கும் ஒரே நேரத்தில் வந்துவிடவில்லை. தமிழ்நாட்டின் மின்கட்டண அட்டவணையில் குடிசைக்கென்று ஒரு தனிப் பிரிவு இருந்துவந்திருக்கிறது. 250 சதுர அடிக்கு மேற்படாத, மண்சுவர் வைத்த வீடு. அதற்கு 40 வாட் விளக்கு ஒன்று. சமையல், சாப்பாடு, படிப்பு, பிரசவம், நோய், பூ கட்டுதல், துணி தைத்தல் எல்லாமே அந்த ஒரு விளக்கின் கீழ். அதை மங்கவைப்பதைப் பற்றி யாரும் யோசித்திருக்க முடியாது. அது மங்கலாகவேதான் எரிந்தது.

மின்விளக்கு வந்ததும் கரி துடைக்கும் வேலை போனது, வேறொரு வேலை வந்தது. எந்த அறையில் விளக்கு வீணாக எரிகிறது என்று கண்காணித்து அணைக்கும் வேலை. 'ஆளில்லாத ரூம்ல எதுக்குடி லைட்டு?' என்ற கேள்வியைக் கேட்காமல் வளர்ந்த பெண் நம்மில் குறைவு. மின்கட்டணம் கூடினால் பதில் சொல்ல வேண்டியவள் அவள். சுவிட்ச் அவள் கைக்கு எட்டும் உயரத்தில்தான் இருந்தது. எப்போது போடலாம், எப்போது கூடாது என்ற விதி மட்டும் வேறு ஒருவருடையது.

இருட்டில் உட்காருவது

விளக்கை அணைத்துவிட்டுப் படம் பார்க்கும் பழக்கம் நமக்குத் திரையரங்கிலிருந்து வந்தது. டூரிங் டாக்கீஸ் கொட்டகைகளில் மணல் தரையின் நடுவே இடுப்புயரச் சுவர் ஒன்று ஆண்களையும் பெண்களையும் பிரித்தது. அந்தச் சுவருக்குக் காரணம் இருட்டு. ஆணுக்குப் படத்தோடு ஒன்றிப்போக உதவிய அதே இருட்டு, பெண்ணுக்குப் பின்னாலிருந்து வரக்கூடிய கையைப் பற்றிய எச்சரிக்கையாகவும் இருந்தது. கூட்டமாகப் போவது, பிள்ளையை இடுக்கிக்கொண்டு போவது, ஓரத்து இருக்கையில் உட்காராமல் இருப்பது என்று பெண்கள் உருவாக்கிக்கொண்ட பழக்கங்களுக்கெல்லாம் அங்கேதான் வேர்.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது. சென்னையிலேயே தயாரான டயனோரா, சாலிடேர் பெட்டிகள், இழுத்து மூடும் மரக்கதவு வைத்தவை, வசதியான வீடுகளுக்கு வந்தன. வெள்ளிக்கிழமை 'ஒலியும் ஒளியும்' நிகழ்ச்சிக்குத் தெருவே அந்த வீட்டில் கூடியது. தரையில் பெண்களும் பிள்ளைகளும், நாற்காலியில் வீட்டுக்காரர். எந்தச் சாதிக்காரர் திண்ணையோடு நிற்க வேண்டும், யார் உள்ளே வரலாம் என்பதும் அந்தக் கூட்டத்தில் எழுதாமல் எழுதப்பட்டிருந்தது.

டிவி வந்த அன்றே விளக்கைப் பற்றிய தகராறும் வந்தது. சினிமாக் கொட்டகை போல அணைக்க வேண்டும் என்றது ஒரு கட்சி. அணைத்தால் கண் கெட்டுவிடும் என்றது இன்னொன்று. நம் வீடுகள் கண்டுபிடித்த சமரசம் ஜீரோ வாட் பல்பு, விடிவிளக்கு. பெயர்தான் ஜீரோ, அது 15 வாட் வரை இழுக்கும். பழைய மீட்டர்கள் அவ்வளவு சிறிய இழுப்பைக் காட்டாததால் அந்தப் பெயர் நிலைத்தது. சோக்கும் ஸ்டார்ட்டரும் வைத்த ட்யூப்லைட்டை மங்கவைக்க முடியாது. போடலாம், அணைக்கலாம், அவ்வளவுதான். அதனால் டிவி போட்டதும் ஒருவர் எழுந்து போய் ட்யூப்லைட்டை அணைத்து விடிவிளக்கைப் போட வேண்டும், விளம்பரம் வந்தால் மறுபடி எழ வேண்டும். எழுந்தவர் யார் என்று நம் அம்மாக்களிடம் கேட்டுக்கொள்ளலாம். இன்று செயலி செய்யும் வேலையை அன்று செய்துகொண்டிருந்தது ஒரு பெண்ணின் முழங்கால்.

கண்ணும் கையும்

சன் டிவி 1993 ஏப்ரல் 14 அன்று தொடங்கியது. 1999இல் 'சித்தி' வந்தபோது இரவு நேரம் மெகாத் தொடருக்கு என்று ஆகிவிட்டது. 'பொம்பளைங்க சீரியல் பார்த்தே வீட்டைக் கெடுக்கிறாங்க' என்ற புலம்பலும் கூடவே வளர்ந்தது. அவர்கள் எப்படிப் பார்த்தார்கள் என்பதைப் புலம்பியவர்கள் கவனிக்கவில்லை.

முறத்தில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே பார்த்தார்கள். மறுநாளுக்குச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே, பீன்ஸ் நறுக்கிக்கொண்டே, பள்ளிச் சீருடைக்குப் பட்டன் தைத்துக்கொண்டே, ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டே பார்த்தார்கள். கூலிக்குப் பூ கட்டுகிறவர்கள் முழம் கணக்கில் கட்டிக்கொண்டே பார்த்தார்கள். காதில் தொடர், கையில் வேலை. கண் மட்டும் திரைக்கும் கைக்கும் நடுவே போய்வந்தது. தொடர்களும் இதை அறிந்தே எடுக்கப்பட்டன. ஒரே செய்தியை மூன்று பாத்திரங்கள் மூன்று முறை சொல்வதும், அதிர்ச்சிக்கு முன்னால் இசை முழங்குவதும், அடுப்படியில் தாளித்துக்கொண்டிருப்பவர் காதால் கதையைப் பிடித்துக்கொள்ளத்தான்.

இது நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க ஆய்வாளர் தானியா மொட்லெஸ்கி, வீட்டுவேலை இடைவிடாமல் குறுக்கிடும் ஒரு வாழ்க்கையின் தாளத்துக்கு ஏற்ப அங்கே பகல்நேரத் தொடர்கள் அமைந்திருப்பதை 1980களின் தொடக்கத்தில் எழுதினார். தொலைக்காட்சி வீட்டுக்குள் நுழைந்த வரலாற்றை எழுதிய லின் ஸ்பீகல், 1952இல் அங்கே விற்பனைக்கு வந்த ஒரு அடுப்பைப் பற்றிச் சொல்கிறார்: கீழே கோழி வேகுவதைப் பார்க்கக் கண்ணாடி, அதற்கு மேலே டிவித் திரை. பெண் டிவி பார்க்கலாம், அடுப்பை விட்டு நகராத வரையில் என்பதுதான் அந்தக் கருவியின் பொருள். பிரிட்டனில் டேவிட் மோர்லி தெற்கு லண்டனின் 18 குடும்பங்களுடன் பேசி 1986இல் ஒரு நூல் வெளியிட்டார். ஆண்கள் பேச்சில்லாமல், முழுக் கவனத்தோடு பார்க்க விரும்பினார்கள். பெண்கள் பேசிக்கொண்டும் இஸ்திரி போட்டுக்கொண்டும் பார்த்தார்கள். வேலை எதுவும் செய்யாமல் வெறுமனே பார்ப்பது அவர்களுக்குக் குற்ற உணர்வைத் தந்தது. ரிமோட் இருந்தது அப்பாவின் நாற்காலிக் கையில். ஆணுக்கு வீடு வேலை முடிந்து வரும் இடம், பெண்ணுக்கு வீடே வேலையிடம் என்று மோர்லி இதற்கு விளக்கம் சொன்னார்.

நம் நாட்டின் எண்களும் அதையே காட்டுகின்றன. ஒன்றிய அரசு 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லாத வீட்டுவேலை செய்வதாகச் சொன்ன பெண்கள் 81.2 சதவீதம், ஆண்கள் 26.1 சதவீதம். அப்படிச் செய்பவர்களில் ஒரு பெண் நாளொன்றுக்குச் செலவிட்டது சராசரியாக 299 நிமிடம், ஒரு ஆண் 97 நிமிடம். 2024 கணக்கெடுப்பில் இது 289, 88 என்று ஆனது. ஐந்து ஆண்டுகளில் பெண்ணுக்குப் பத்து நிமிடம் குறைந்தது. ஆணுக்கும் கூடவில்லை, ஒன்பது நிமிடம் குறைந்தது.

ஏழு மணிக்கு மேல் ஹால் விளக்கு 20 சதவீதமாகிறபோது இந்த நிமிடங்கள்தான் இருட்டுக்குள் போகின்றன. அரிசிக்குள் கிடக்கும் கல், வெள்ளை நூலில் விழுந்த முடிச்சு, பிள்ளையின் கணக்கு நோட்டில் உள்ள பெருக்கல் குறி எல்லாவற்றுக்கும் வெளிச்சம் வேண்டும். கதவில்லாத சமையலறை ஹாலின் வெளிச்சத்தையும் நம்பியிருக்கிறது. அங்கே காய் நறுக்குபவர் தன் நிழலிலேயே நறுக்க வேண்டியதாகிறது. கடைசியில் அவர் முறத்தை எடுத்துக்கொண்டு படுக்கையறைக்கோ சமையலறைக்கோ நகர்ந்துவிடுகிறார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. விளக்கு மங்கியது, அவ்வளவுதான்.

ஒரு ஹாலில் எத்தனை பேர் இருக்க முடியும் என்பதற்கு நம்மிடம் நேர்மாறான அனுபவமும் உண்டு. 2006 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாடு அரசு 14 அங்குல இலவச வண்ணத் தொலைக்காட்சி வழங்கத் தொடங்கியது. அந்தப் பெட்டிகளில் பல ஒற்றை அறை வீடுகளுக்குப் போயின. அரசு தந்த டிவியும், 2011க்குப் பிறகு மிக்ஸி, கிரைண்டர், விசிறியும் குடிசைக்கான மின்கட்டணப் பிரிவில் அனுமதிக்கப்பட்டவையாகச் சேர்ந்தன. விளக்கு என்னவோ அதே எளிய விளக்குதான். படிப்பவர், சமைப்பவர், பார்ப்பவர் எல்லோரும் அதையே பங்குபோட்டுக்கொண்டார்கள். இந்த வறுமையை நான் கொண்டாடவில்லை. 'டிவி பார்ப்பவர்' என்று தனியாக ஒருவர் அந்த அறையில் இல்லை என்பதையே சொல்கிறேன். அவருக்கென்று தனி வெளிச்சம் வர ஒரு பெரிய ஹாலும், அவர் வேலையைச் செய்ய இன்னொருவரும் தேவைப்பட்டார்கள்.

யாருடைய வெளிச்சம் அவசியம்

2008 முதல் 2013 வரையிலான மின்வெட்டு ஆண்டுகள் இந்தக் கேள்வியை நேரடியாகவே கேட்டன. சென்னைக்கு வெளியே நாளின் பெரும்பகுதி மின்சாரம் இல்லை. சென்னையில் முறை வைத்து நிறுத்தினார்கள். வாங்க முடிந்தவர்கள் இன்வெர்ட்டர் வாங்கினார்கள். எலக்ட்ரீஷியன் வந்து 'எந்தெந்தப் பாயிண்ட் இன்வெர்ட்டர்ல வரணும் சார்?' என்று கேட்டார். கேள்வி 'சார்' என்று முடிந்ததைக் கவனியுங்கள். ஹால் விசிறி, ஹால் விளக்கு, டிவி, படுக்கையறை என்று பட்டியல் தொடங்கும். மிக்ஸியும் கிரைண்டரும் அதிகம் இழுப்பவை என்பதால் பட்டியலில் வராது. அவற்றை நம்பிச் சமைப்பவர் மின்சாரம் வரும் நேரம் பார்த்து விடியற்காலையோ நள்ளிரவோ எழுந்து அரைத்து வைத்தார். இட்லி மாவு மின்வெட்டு அட்டவணைப்படி புளித்தது. ஆனால் அந்த அட்டவணைக்கேற்ப வளைந்தது ஒரு பெண்ணின் தூக்கம் என்று எந்தக் கணக்கும் எழுதவில்லை.

மங்கவைக்கும் கருவியின் கதை

மேடை விளக்குகளை மங்கவைக்கும் கருவிகள் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே நாடக அரங்குகளில் உண்டு. பெரியவை, சூடாகுபவை. 1959இல் நியூயார்க்கில் ஜோயல் ஸ்பைரா சுவர்ச் சுவிட்ச் பெட்டிக்குள் அடங்கும் சிறிய மின்னணு டிம்மரை உருவாக்கினார். அதன் பிறகுதான் மங்கிய வெளிச்சம் வீட்டுக்கு வந்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1955இல், ஜெனித் நிறுவனத்தின் யூஜீன் பாலி டிவிக்கு ஒரு கம்பியில்லா ரிமோட் செய்தார். டார்ச் விளக்கு போல வெளிச்சத்தைத் திரையின் மூலைகளில் அடித்துச் சேனல் மாற்ற வேண்டும். ஜன்னல் வழியாக வெயில் அடித்தாலும் சேனல் மாறிவிடும். நாற்காலியில் இருப்பவர் எழக் கூடாது என்பதே இவை அனைத்துக்கும் பின்னால் இருந்த கனவு.

சென்னைத் தொலைக்காட்சி தொடங்கிய அதே 1975இல், ஸ்காட்லாந்தின் கிளென்ராதஸ் ஊரில் பிகோ எலெக்ட்ரானிக்ஸ் என்ற நிறுவனம் எக்ஸ்10 என்ற முறையை உருவாக்கியது. வீட்டு மின்கம்பி வழியாகவே விளக்குகளுக்குக் கட்டளை அனுப்பும் முறை அது. இன்றைய ஸ்மார்ட் வீட்டுக்கு அதுவே முன்னோடி. 2012இல் பிலிப்ஸ் ஹியூ பல்புகள், 2013இல் ஹோம் அசிஸ்டன்ட் என்ற திறந்த மென்பொருள், 2017இல் இந்தியாவுக்கு அமேசான் எக்கோ. பேசினால் கேட்கும் இந்தக் கருவிகள் பெண் குரலில் பதில் சொன்னதைப் பற்றி யுனெஸ்கோ 2019இல் ஓர் அறிக்கையே வெளியிட்டது. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் யோலாண்ட் ஸ்ட்ரெங்கர்ஸ், ஜென்னி கென்னடி இருவரும் 2020இல் எழுதிய நூலில், இக்கருவிகள் 'ஸ்மார்ட் மனைவி'யாக வடிவமைக்கப்பட்டிருப்பதாகச் சொல்கிறார்கள். முகம் சுளிக்காமல், சம்பளம் கேட்காமல், விளக்கைப் போட்டு அணைக்கும் ஒருத்தி. விளக்கேற்ற வந்தவளை நாம் நன்றாகவே அறிவோம். இப்போது அவளுக்குச் சாப்பாடும் தேவையில்லை.

அந்த சுவிட்சைத் தொடாதீங்க

ஸ்மார்ட் பல்பு வேலை செய்ய வேண்டுமானால் சுவரில் உள்ள சுவிட்ச் எப்போதும் போட்டபடியே இருக்க வேண்டும். பல்புக்குள் இருக்கும் வைஃபை கருவி உயிரோடிருக்க அதற்கு எந்நேரமும் கொஞ்சம் மின்சாரம் வேண்டும். சுவிட்சை யாராவது அணைத்துவிட்டால் செயலி 'ஆஃப்லைன்' என்று காட்டும். எந்த விதியும் ஓடாது.

அறையை விட்டுப் போகும்போது சுவிட்சை அணைக்க வேண்டும் என்று ஐம்பது ஆண்டுகளாகத் திட்டு வாங்கிப் பழகிய கைகள் நம் வீடுகளில் இருக்கின்றன. மாமியாரின் கை, பாட்டியின் கை. பெரும்பாக்கம் மறுகுடியமர்வுக் குடியிருப்பிலிருந்தும் அக்கம்பக்கத்துத் தெருக்களிலிருந்தும் வீட்டுவேலைக்கு வந்து, பெருக்கித் துடைத்துவிட்டு, எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் போகும் பெண்ணின் கை. அந்தக் கைகள் இன்று வீட்டின் கோளாறாக மாறியிருக்கின்றன. 'அம்மா, அந்த சுவிட்சைத் தொடாதம்மா.' 'அக்கா, அதை ஆஃப் பண்ணாதீங்க, அப்படியே இருக்கட்டும்.' சில வீடுகளில் சுவிட்சின் மேல் ஒட்டுநாடாவே ஒட்டிவிடுகிறார்கள். அவர்களுடைய அக்கறையைத் திறமை என்று முன்பும் யாரும் சொன்னதில்லை. இப்போது அது தவறு என்று ஆகிவிட்டது.

சுவிட்சுக்குப் பதில் செல்பேசி வந்திருக்கிறது. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் (2019–21), இணையத்தை எப்போதாவது பயன்படுத்தியிருப்பதாகச் சொன்ன பெண்கள் 33.3 சதவீதம், ஆண்கள் 57.1 சதவீதம். சுவர்ச் சுவிட்ச் ஆறு வயதுக் குழந்தைக்கும் அறுபது வயதுப் பாட்டிக்கும் ஒன்றுதான். செயலி அப்படியில்லை. அதற்கு ஒரு கணக்கு வேண்டும், கடவுச்சொல் வேண்டும், வாங்கிப் பொருத்தியவரின் எண்ணில் பதிவாக வேண்டும். அவர் மற்றவர்களுக்கு 'அழைப்பு' அனுப்பினால்தான் அவர்கள் தம் வீட்டு விளக்கையே போட முடியும். வீட்டு வெளிச்சத்துக்கு ஒரு நிர்வாகி வந்துவிட்டார்.

நள்ளிரவில் மின்சாரம் போய்த் திரும்பினால் பல ஸ்மார்ட் பல்புகள் முழு வெளிச்சத்தோடு எரியத் தொடங்கும். அப்படித்தான் அவை அமைக்கப்பட்டு வருகின்றன. மாற்றியமைக்கலாம், ஆனால் நிர்வாகிதான் மாற்ற வேண்டும். ரவுட்டரும் மறுபடி உயிர்பெறச் சில நிமிடம் ஆகும். குழந்தை விழித்துவிடும். எழுந்து போய்ச் சுவரில் கை வைப்பது யார் என்பதில் 1980களுக்கும் இன்றைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

இருட்டாக்கும் அதிகாரம்

இது வெறும் அசௌகரியமாக முடியாத வீடுகளும் உண்டு. 2018 ஜூனில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் ஒரு செய்தி வெளியிட்டது. குடும்ப வன்முறை உதவி எண்களை அழைத்த பெண்கள், வீட்டில் இல்லாத கணவரோ துணைவரோ தொலைவிலிருந்து விளக்கையும் ஏசியையும் பூட்டையும் இயக்கித் தங்களை அச்சுறுத்துவதாகச் சொன்னார்கள். விளக்கு தானாக அணையும், தானாக எரியும். வெளியே சொன்னால் பைத்தியம் என்பார்கள். கடவுச்சொல் அவர்களிடம் இல்லை.

நம்மிடம் இதற்கு ஒரு சட்டப் பிடிமானம் இருக்கிறது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005, அடி உதையை மட்டும் வன்முறை என்று சொல்லவில்லை. அதன் 3ஆம் பிரிவு, குடும்ப உறவின் அடிப்படையில் ஒரு பெண் பயன்படுத்த உரிமையுள்ள வசதிகளை அவளுக்குத் தடுப்பதையும் கட்டுப்படுத்துவதையும் பொருளாதார வன்முறையில் சேர்க்கிறது. விளக்கும் மின்விசிறியும் கதவுப் பூட்டும் ஒரு செயலிக்குள் அடைபட்டு, அதன் சாவி ஒருவரிடம் மட்டும் இருந்தால், அந்த வரையறைக்குள் வைத்து வாதிட இடம் உண்டு. சட்டம் படிக்கும் மாணவிகள் யோசித்துப் பார்க்க வேண்டிய இடம் இது.

விதியை எழுதும்போது

தானியங்கி விளக்கு பெண்ணுக்கு எதிரி என்று நான் சொல்லவில்லை. மூட்டுவலியால் எழ முடியாத அம்மாவுக்கு, கண்பார்வை குறைந்தவருக்கு, சக்கர நாற்காலியில் இருக்கும் பெண்ணுக்கு, வாயால் சொன்னால் எரியும் விளக்கு உண்மையான விடுதலை. தனியாக வாழும் பெண் வேலை முடிந்து திரும்பும் முன்பே வீட்டில் விளக்கு எரிவது பாதுகாப்பு. பகலெல்லாம் உழைத்த பெண் ஒருத்தி விளக்கை மங்கவைத்துக்கொண்டு, கையில் எந்த வேலையும் இல்லாமல், தனக்குப் பிடித்த தொடரைப் பார்த்தால் அதைவிட நல்ல காட்சி வேறில்லை. அந்த 20 சதவீத வெளிச்சம் அவளுக்கும் உரியதுதான். அதற்கு முன்னால் அவளுடைய 289 நிமிடங்கள் பங்கிடப்பட வேண்டும்.

அதுவரை செய்யக்கூடியவை சில உண்டு. ஸ்மார்ட் பல்புக்குப் பதில், சுவர்ப் பெட்டிக்குள் பொருத்தும் ஸ்மார்ட் சுவிட்சை வாங்கலாம். சுவரில் கை வைத்தாலும் எரியும், செல்பேசியிலும் எரியும், வேலைக்கு வரும் அக்காவுக்கும் பாடம் நடத்த வேண்டாம். டிவியின் பின்னால் ஒரு சிறிய விளக்கு வைத்தால் திரைக்கும் சுவருக்கும் உள்ள வேறுபாடு குறைந்து கண் களைக்காது. அறை முழுவதையும் இருட்டாக்கத் தேவையிருக்காது. சாப்பாட்டு மேசைக்கும் சமையல் மேடைக்கும் தனி விளக்கு, அந்த விதிக்குள் வராதபடி. செயலியில் நிர்வாகி ஒருவராக இருக்கக் கூடாது. வீட்டில் உள்ள வயதுவந்தவர்கள் எல்லோரிடமும் கடவுச்சொல் இருக்க வேண்டும். மேலும், விதியை எழுத உட்காரும் முன்பு, ஏழு மணியிலிருந்து பத்து மணிவரை அந்த ஹாலில் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று ஒரு வாரம் எழுதி வைத்துப் பாருங்கள்.

அந்தப் பட்டியலில் எல்லா வேலைக்கும் ஒரே பெயர் வந்தால், மாற்ற வேண்டியது விளக்கின் சதவீதம் மட்டும் இல்லை.